செல்போனுக்குள் ஒரு பௌர்ணமி

உங்கள் செல்போனுக்குள் ஒரு சின்னப் படம் ஒளிந்திருக்கிறது. அநேகமாக நீங்கள் அதை ஒரு தடவைகூட யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டீர்கள். சிரிக்கிற முகம், கூப்பிய கை, சிவப்பு இதயம் எல்லாவற்றையும் தாண்டி, பலூனும் மத்தாப்பும் இருக்கிற வரிசையில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். இருட்டு வானம். பெரிய நிலா. ஓரத்தில் நாணல் மாதிரி நாலு புல். பக்கத்தில் ஒரு பீடத்தின் மேல் கோபுரமாக அடுக்கிய வெள்ளை உருண்டைகள்.

'என்னய்யா இது, ராத்திரி நேரத்தில் யாராவது ரசகுல்லா கடை போட்டிருக்கிறார்களா?' என்று தோன்றும். தப்பில்லை. ஜப்பானுக்கு வெளியே பாதிப் பேருக்கு இந்தப் படம் என்னவென்றே தெரியாது. ஆனால், ஜப்பானியர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு விநாடிகூட யோசிக்காமல், 'ட்சுகிமி' என்பார். ட்சுகி என்றால் நிலா. மி என்றால் பார்ப்பது. நிலா பார்த்தல். அவ்வளவுதான் பண்டிகையின் பெயர்!

பூஜை இல்லை, ஊர்வலம் இல்லை, பட்டாசு இல்லை. உட்கார்ந்து நிலாவைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பண்டிகை. அதற்கென்று ஒரு படம். படம் வருவதற்கு முன்பே கீபோர்டில் இருக்கிற புள்ளி, அடைப்புக்குறி, வட்டம் இதையெல்லாம் வைத்தே நிலாவையும் முயலையும் தட்டி அனுப்புகிற வழக்கம் வேறு.

சும்மா பொழுதுபோகாத பிள்ளைகளின் விளையாட்டா இது? இல்லை. இந்தக் குட்டிப் படத்துக்குப் பின்னால் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. நடுவில் அது நம் ஊர்ப்பக்கமும் வந்துவிட்டுப் போகிறது. வாருங்கள், பார்க்கலாம்.

*

ஆரம்பம் சீனா. பழைய சந்திரக் கணக்குப்படி எட்டாம் மாதம் பதினைந்தாம் இரவு. ஏறத்தாழ நம் புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும். டாங் வம்சக் காலத்தில் அந்த நிலாவைக் கொண்டாடுகிற பழக்கம் சீனாவில் செழித்தது. அதே சமயத்தில் ஜப்பான் தன் எழுத்து, சமயம், சட்டம் எல்லாவற்றையும் சீனாவிலிருந்து ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டிருந்தது. நிலாவும் அந்தக் கப்பலில் ஏறி வந்துவிட்டது.

கியோட்டோ நகரத்தில் ஓசாவா என்று ஒரு குளம். 809 முதல் 823 வரை ஆண்ட சாகா என்ற சக்கரவர்த்தியின் மாளிகைத் தோட்டத்தில் இருந்தது. அதில் படகு விட்டு அவர் நிலாவை ரசித்தார் என்பார்கள். மாளிகை பிற்பாடு 876-ல் தாய்ககு-ஜி என்ற கோயிலாக மாறியது. அந்தக் குளத்தில் டிராகன் தலை வைத்த படகுகளில் போய் நிலா பார்க்கிற வழக்கம் நம் காலம் வரை தொடர்கிறது.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். பிரபுக்கள் தலையை அண்ணாந்து நிலாவை நேராகப் பார்க்கவில்லை. குளத்துத் தண்ணீரில் தெரிகிற நிலாவைப் பார்த்தார்கள். கையில் இருக்கிற மதுக் கிண்ணத்தில் மிதக்கிற நிலாவைப் பார்த்தார்கள். நிலாவின் முகத்தை உற்றுப் பார்ப்பது நல்லதல்ல என்று ஒரு பயம்கூட அந்தக் காலத்தில் இருந்தது. ஜப்பானின் மிகப் பழைய உரைநடைக் கதையான 'மூங்கில் வெட்டியின் கதை'யில் அந்தப் பயம் பதிவாகியிருக்கிறது. மூங்கிலுக்குள் கிடைத்த குட்டிப் பெண் ககுயா வளர்ந்து பேரழகியாகி, கடைசியில் தன் சொந்த ஊரான நிலாவுக்கே திரும்பிப் போகிற கதை. அவள் கிளம்புகிற நாள் எது? அதே எட்டாம் மாதம் பதினைந்தாம் இரவு! 2007 செப்டம்பரில் ஜப்பான் நிலாவுக்கு அனுப்பிய விண்கலத்துக்கு அவள் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஆக, அசல் நிலாவைவிட நிலாவின் பிம்பத்தை ரசிப்பது அங்கே முதல் நாளிலிருந்தே உண்டு. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

*

அரண்மனையில் கவிதையும் சங்கீதமுமாக இருந்த நிலா, மெள்ள மெள்ளக் கிராமத்துக்கு இறங்கி வந்தது. விவசாயிக்குக் கவிதை எழுத நேரம் ஏது? அவனுக்கு அது அறுவடை நிலா. முதலில் தோண்டின சேப்பங்கிழங்கை நிலாவுக்குப் படைத்தான். அதனால் 'சேப்பங்கிழங்கு நிலா' என்றே அந்த இரவுக்கு இன்னொரு பெயர். அப்புறம் அரிசி மாவு உருண்டை வந்தது. 'டாங்கோ' என்பார்கள். பூரணம் இல்லாத கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பதினைந்தாம் இரவு என்பதால் பதினைந்து உருண்டை. கீழே ஒன்பது, நடுவில் நாலு, உச்சியில் ரெண்டு. உங்கள் செல்போனில் இருக்கிற 'ரசகுல்லா' இதுதான்!

பக்கத்தில் இருக்கும் அந்தப் புல் 'சுசுகி'. பைக் அல்ல, நாணல் இனம். நெல் அறுவடை இன்னும் முடியாத நேரம் என்பதால் நெற்கதிருக்குப் பதிலாக அதே மாதிரி தலை சாய்ந்து நிற்கிற இந்தப் பூக்கதிரை வைத்தார்கள் என்று சொல்கிறார்கள்.

இந்தப் பண்டிகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருட்டுதான். சில ஊர்களில் நிலாவுக்குப் படைத்த உருண்டைகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் திருடித் தின்னலாம். நீளமான குச்சியின் முனையில் ஆணி அடித்து, வேலி ஓரமாகப் பதுங்கி வந்து, ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருக்க வேண்டும். திருட்டுப் போனால் அதிர்ஷ்டம். நிலாவே வந்து எடுத்துக்கொண்டதாக அர்த்தம். பெரியவர்கள் ரகசியமாகச் சிரித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிற பண்டிகை எந்த ஊரில் இருந்தாலும் அது நல்ல பண்டிகைதான்.

எல்லாம் சரி, அன்றைக்கு மேகம் மூடிக்கொண்டால்? செப்டம்பர் என்பது ஜப்பானில் புயல் சீசன். நிலா தெரியாமல் போவது சர்வசாதாரணம். வேறு ஊராக இருந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். ஜப்பானியர்கள் அதற்கும் பெயர் வைத்தார்கள். மேகம் மறைத்தால் 'முகெட்சு', அதாவது 'இல்லாத நிலா'. மழை கொட்டினால் 'உகெட்சு', 'மழை நிலா'. மேகத்துக்குப் பின்னால் எங்கோ லேசாக வெளுத்திருக்கிறதே, அந்த வெளுப்பையும் ரசிக்க வேண்டும் என்பது இலக்கணம். கண்ணுக்குத் தெரியாத நிலாவுக்கும் உருண்டை படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

*

இப்போது முயலுக்கு வருவோம்.

நிலாவில் தெரிகிற கறை நம் குழந்தைகளுக்கு வடை சுடுகிற பாட்டி. ஜப்பான் குழந்தைகளுக்கு உரலில் மாவு இடிக்கிற முயல். அதனால் நிலா பார்க்கும் குறிகளில் முயல் இல்லாமல் இருக்காது. எழுத்தாலேயே முயல் எப்படி? இப்படித்தான்: (・×・). இரண்டு புள்ளி, கண். நடுவில் பெருக்கல் குறி, முயலின் மூடிய வாய். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டால் நிலா: ○ (・×・). தீர்ந்தது, பண்டிகை ரெடி!

இந்த முயலின் பூர்வீகம் நம் பக்கம். புத்த ஜாதகக் கதைகளில் ஒரு முயல் வருகிறது. பசி என்று வந்த கிழவருக்கு மற்ற மிருகங்கள் ஆளுக்கொன்று தேடிக்கொண்டு வந்து தர, புல்லைத் தவிர எதுவும் அறியாத முயல், 'என்னையே சாப்பிடுங்கள்' என்று தீயில் குதித்துவிடுகிறது. கிழவராக வந்தவன் இந்திரன். உலகம் உள்ள வரை இந்தத் தியாகம் தெரியட்டும் என்று முயலின் உருவத்தை நிலாவில் வரைந்துவிடுகிறான். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், காசிப் பக்கம் இந்தக் கதையைக் கேட்டுத் தன் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட 'கொஞ்சாகு மொனொகதாரி' என்ற ஜப்பானியக் கதைத் தொகுதியில், இந்தியக் கதைகள் என்று தனியாக ஒதுக்கிய பகுதியில் அது இடம் பிடித்தது.

நம்மிடமும் தடயம் இருக்கிறது. தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். நிலாவின் களங்கத்துக்கு 'முயற்கறை' என்று பெயர். நிலாவுக்கே 'முயற்கூடு' என்று ஒரு பெயர். பாட்டி வருவதற்கு முன்னால் நம் நிலாவிலும் முயல் குடியிருந்திருக்கிறது போல!

சீனாவில் இந்த முயல் உரலில் மருந்து இடிக்கிறது. ஜப்பானுக்குப் போனதும் 'மோச்சி' என்ற அரிசிப் பண்டத்துக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டது. காரணம் ஒரு சிலேடை என்கிறார்கள். முழு நிலாவுக்கு ஜப்பானிய மொழியில் 'மோச்சிஸுகி'. மோச்சி இடிப்பதற்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. ஒரு வார்த்தை விளையாட்டில் வைத்தியர் சமையல்காரராகிவிட்டார்.

*

1872-ல் ஒரு விபரீதம் நடந்தது. ஜப்பானிய அரசாங்கம் மேற்கத்திய நாடுகளோடு சேர்ந்து ஓட வேண்டுமே என்று பழைய சந்திரக் காலண்டரைத் தூக்கிப் போட்டது. அந்த வருஷம் டிசம்பர் 3-ம் தேதியாக இருந்திருக்க வேண்டிய நாள், ஒரே போடாக 1873 ஜனவரி 1 ஆனது. கிட்டத்தட்ட ஒரு மாசம் காணாமல் போயிற்று!

பண்டிகைகள் எல்லாம் மூட்டை முடிச்சோடு புதுக் காலண்டருக்குக் குடிபெயர்ந்தன. பொம்மைத் திருநாள் மார்ச் 3, ஆண் பிள்ளைகள் திருநாள் மே 5, நட்சத்திரத் திருநாளான தனபாதா பல ஊர்களில் ஜூலை 7 என்று தேதி மாறின. ஆனால், நிலா பார்க்கும் திருநாளை மட்டும் அப்படித் தூக்கி வைக்க முடியவில்லை. காலண்டரை மாற்றலாம், நிலாவை மாற்ற முடியுமா? ஆகஸ்ட் 15-ம் தேதி வானத்தில் நிலாவே இல்லாமல் போகலாமே! எனவே ட்சுகிமி இன்றைக்கும் பழைய கணக்கிலேயே ஓடுகிறது. செப்டம்பரிலோ அக்டோபர் ஆரம்பத்திலோ வரும். 2024-ல் செப்டம்பர் 17, 2025-ல் அக்டோபர் 6.

இதில் ஒரு சங்கடம். மற்ற பண்டிகைகளுக்குத் தேதி மனப்பாடம். இதற்கு மட்டும் வருஷா வருஷம் யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். 'இன்றைக்குத்தான் அந்த நிலா, வெளியே வந்து பாரு' என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுக்கு மாடிகளும் நியான் விளக்கும் நிறைந்த டோக்கியோவில் அந்த இரவு யாருக்கும் தெரியாமலேயே கழிந்துவிடும்.

அந்த 'சொல்வது' என்கிற வேலையைத்தான் குட்டிப் படங்கள் எடுத்துக்கொண்டன.

*

ஜப்பானியர் கடிதம் எழுதினால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார். முதல் வரியில் பருவத்தைச் சொல்ல வேண்டும். வெயில் தணிந்தது, பூச்சிகள் பாடுகின்றன, நிலா தெளிந்திருக்கிறது என்று ஏதாவது ஒன்று. 'நலம், நலமறிய ஆவல்' என்பது நமக்கு எப்படியோ, அப்படி. பருவம் சொல்லாத கடிதம் மொட்டைக் கடிதம் மாதிரி அவர்களுக்கு.

இந்த ஆட்கள் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தது. எழுத்து மட்டும் போகும். குரல் போகாது, முகம் போகாது, குனிந்து வணக்கம் சொல்வதும் போகாது. மரியாதை மிகுந்த ஜப்பானியருக்கு இது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று யோசித்துப் பாருங்கள்!

1982 செப்டம்பர் 19-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்பவர், 'இது ஜோக்' என்று காட்ட :-) என்ற குறியை யோசனையாக வைத்தார். தலையை இடது பக்கம் சாய்த்தால்தான் முகம் தெரியும். 1986 ஜூனில், ஆஸ்கி நெட் என்ற ஜப்பானியக் கம்ப்யூட்டர் வலையில் யசுஷி வகபயாஷி என்பவர் (^_^) என்று போட்டார். ஜப்பானிய எழுத்து முகத்தின் ஆரம்பம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கழுத்து வலிக்காது. நேராகப் பார்த்தாலே சிரிக்கிறது. 'காவோமோஜி' என்று இதற்குப் பெயர். காவோ முகம், மோஜி எழுத்து.

வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? அமெரிக்க முகத்தில் வாய் சிரிக்கிறது. ஜப்பானிய முகத்தில் வாய் ஒரு நேர்கோடு, கண்தான் சிரிக்கிறது. 2007-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாகி யூகி தன் சகாக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒருவர் மனநிலையை அறிய ஜப்பானியர் கண்ணைப் பார்க்கிறார்கள், அமெரிக்கர் வாயைப் பார்க்கிறார்கள் என்பது முடிவு.

ஜப்பானியக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஆங்கிலக் கம்ப்யூட்டர் நூற்றுச் சொச்சம் குறிகளோடு காலம் தள்ளியபோது, ஜப்பானின் 1978-ம் வருஷத் தரப் பட்டியலிலேயே 6,800-க்கு மேல் எழுத்துகள். சீனச் சித்திர எழுத்து, கிரேக்க எழுத்து, ரஷ்ய எழுத்து, வட்டம், நட்சத்திரம் எல்லாம் உண்டு. கிரேக்க ஒமேகா பூனையின் வாயாயிற்று. வட்டம் நிலாவாயிற்று, உருண்டையாயிற்று. பருவத்துக்குப் பருவம் எழுத்துச் சித்திரங்களைத் தொகுத்து அகராதியே போட்டார்கள்.

செல்போனுக்கு முன்னால் பேஜர் காலம். 1990-களில் ஜப்பானியப் பள்ளி மாணவிகள் எண்களாலேயே பேசினார்கள். 0840 என்றால் 'ஒஹாயோ', காலை வணக்கம். 3341 என்றால் 'சமிஷீ', தனிமையாக இருக்கிறது. பேஜரில் ஒரு இதயக் குறியும் இருந்தது. 'ஆபீஸ்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று ஒரு புது மாடலில் அதை எடுத்துவிட்டார்களாம். பிள்ளைகள் கூட்டமாகப் போட்டிக் கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். இதைப் பின்னாளில் பேட்டிகளில் சொன்னவர் ஷிகெதகா குரிதா.

யார் இந்தக் குரிதா? 1999 பிப்ரவரியில் டோகோமோ கம்பெனி ஐ-மோட் என்ற செல்போன் இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது, 12-க்கு 12 புள்ளிச் சதுரத்துக்குள் 176 படங்கள் உருவாக்கியவர். உலகின் முதல் எமோஜி என்று ரொம்ப நாள் இதைத்தான் எழுதினார்கள். உண்மையில் 1997 நவம்பரிலேயே ஜே-போன் கம்பெனியின் ஒரு செல்போனில் 90 படங்கள் வந்துவிட்டன. போன் அதிகம் விற்கவில்லை, புகழ் கைமாறிவிட்டது. எமோஜி என்பதற்கும் 'எமோஷன்' என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து.

குரிதாவின் 176 படங்களில் ஐந்து, நிலா! அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை. அடுத்தடுத்து வந்த தொகுப்புகளில் புத்தாண்டுக்கு மூங்கில் அலங்காரம், மார்ச்சுக்குப் பொம்மைகள், மேக்குக் கெண்டை மீன் கொடி, ஜூலைக்கு வேண்டுதல் சீட்டுக் கட்டிய மூங்கில், கோடைக்குக் காற்று மணி, இலையுதிர் காலத்துக்கு நிலாவும் உருண்டையும். வரிசையாகப் பாருங்கள். கடிதத்தின் முதல் வரி! ஆயிரம் வருஷமாகத் தூரிகையால் எழுதிய பருவ வாழ்த்தைக் கட்டை விரலால் அனுப்ப வழி பண்ணிவிட்டார்கள்.

*

2009-ல் கூகுள், ஆப்பிள் கம்பெனிக்காரர்கள் ஜப்பானியப் படங்களை உலக எழுத்துப் பட்டியலான யூனிகோடில் சேர்க்க முன்மொழிந்தார்கள். 2010 அக்டோபரில் வந்த யூனிகோட் 6.0-ல் அவை உள்ளே நுழைந்தன. ஏற்கெனவே ஜப்பானில் புழக்கத்தில் இருந்ததால் பொம்மை, மீன் கொடி, காற்று மணி எல்லாம் கேள்வி கேட்காமல் வந்துவிட்டன. 'நிலா பார்க்கும் சடங்கு' என்ற பெயரில் நம் படமும் வந்தது. நம்ம அகல் விளக்கும் புடவையும் ஆட்டோவும் அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க 2019 ஆயிற்று. முதலில் எழுதி வைத்தவனுக்குத்தான் முதல் இடம். சரித்திரத்தில் எப்போதும் அப்படித்தான்.

2016-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த 176 படங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2025-ல் டோகோமோ, இனி வரும் போன்களில் தன் சொந்தப் படங்கள் இருக்காது என்று அறிவித்தது. குரிதாவின் நிலாக்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. யூனிகோட் நிலா உங்கள் சட்டைப் பையில்.

'அட போங்கய்யா, அசல் நிலாவை விட்டுவிட்டு போனில் நிலா பார்ப்பதா?' என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளலாம். நியாயம்தான். நிலா இப்போது கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. 1991 முதல் ஜப்பானிய மெக்டொனால்ட்ஸில் இலையுதிர் காலத்தில் 'நிலா பர்கர்' விற்கிறார்கள். நடுவில் இருக்கும் முட்டைதான் நிலா!

ஆனால், சாகா சக்கரவர்த்தி காலத்தில் பார்த்தது எதை? குளத்தில் மிதந்த பிம்பத்தை. மழை ராத்திரியில் படைத்தது எதற்கு? கண்ணில் படாத நிலாவுக்கு. பிம்பம் ஒருபோதும் அங்கே குறையாக இருந்ததில்லை. பிரபுக்கள் நிலாவைப் பார்த்ததோடு நிற்கவில்லை. கவிதை எழுதி இன்னொருவருக்கு நீட்டினார்கள். பார்த்ததைப் பகிர்ந்துகொள்ளும் வரை பண்டிகை முடிந்ததாகக் கணக்கில்லை. ஒசாகாவில் இருக்கும் அம்மாவுக்கு டோக்கியோவிலிருந்து பிள்ளை ஒரு வட்டமும் ஒரு முயலும் தட்டி அனுப்பினால், அம்மா எழுந்து பால்கனிக்குப் போவாள். அங்கே மேகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேரும் ஒரே வானத்தைப் பார்க்கிறார்கள்.

அவள் எழுந்து போகவில்லை என்றால்தான் பண்டிகை செத்துப்போகும். படத்தால் சாகாது.

அடுத்த பௌர்ணமிக்கு நீங்களும் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, ரொம்ப நாளாகப் பேசாத யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். 'என்னடா இது, ரசகுல்லாவா?' என்று பதில் வரும். 'மொட்டை மாடிக்குப் போய்ப் பாரு' என்று சொல்லுங்கள்.